பாலோ தோட்டத்தில் இரண்டு குச்சிகள்

ஜொகூர் பாருவில் ரயில் நின்றதும் முதல் காரியமாகச் சாப்பிட்டேன். சிங்கப்பூருக்கும் இதற்கும் நடுவில் இருந்த கடலைக் கல்லைக் கொட்டி மறித்து, அதன் மேல் ரயிலை ஓட்டியிருக்கிறார்கள். ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குள் நுழைந்த மாதிரியே தெரியவில்லை. சென்னையில் கூவத்தைத் தாண்டுகிறவன் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இங்கே அந்தச் சிரமம்கூட இல்லை.

பிளாட்பாரத்தில் ஒரு மலாய்க்காரி வாழையிலைப் பொட்டலம் விற்றாள். பிரித்தால் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, பொரித்த நெத்திலி, சிவப்பாய் ஒரு மிளகாய்த் துவையல். தேங்காய்ப்பால் சோறு என்றால் எங்கள் வீட்டில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமாகியிருக்க வேண்டும். இங்கே கூலிக்காரர்கள் பல் விளக்கிய கையோடு அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். துவையலில் உறைப்பு அதிகம். அதில் கருவாட்டு வாடையும் கொஞ்சம் இருந்தது. குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது பொட்டலமும் வாங்கினேன்.

நான் போன காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் எம்.ஏ. வகுப்பில் மனோதத்துவம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதிலும் சமூக மனோதத்துவம் என்று புதிதாக ஒரு பிரிவு. ஒரு மனிதன் தனியாக இருக்கும்போது ஒரு மாதிரியும் நாலு பேரோடு இருக்கும்போது வேறு மாதிரியும் ஏன் நடந்துகொள்கிறான் என்பதை ஆராய்வது அதன் வேலை. என் தகப்பனாரிடம் இதை விளக்கிச் சொன்னேன். "இதைத் தெரிந்துகொள்ளக் காலேஜ் எதற்கு, சந்தைக்குப் போனால் போதாதா?" என்று கேட்டார்.

எங்கள் பேராசிரியருக்கு ஒரு சித்தாந்தம் இருந்தது. படித்தவன் தன் கண்ணை நம்புவான், படிக்காதவன் பக்கத்திலிருப்பவன் வாயை நம்புவான் என்பார். அதைச் சோதிக்க ஒரு தச்சனிடம் ஜோடி ஜோடியாகக் குச்சிகள் செய்து வாங்கியிருந்தார். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு குச்சி மற்றதைவிட நீளம். சில ஜோடிகளில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். கடைசி ஜோடியில் அது கட்டைவிரல் அகலம் இருக்கும், குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். முதலில் ஆளைத் தனியாக வைத்து எது நீளம் என்று கேட்க வேண்டும். பிறகு பல பேர் நடுவில் அதையே கேட்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

காலேஜ் விடுதியில் படித்த பிள்ளைகளைச் சோதித்தாகிவிட்டது. ஒருவனும் மாற்றிச் சொல்லவில்லை. பேராசிரியருக்குப் பரம சந்தோஷம். அடுத்தது படிக்காதவர்கள். நம் ஊர்க் கிராமங்களில் எந்தத் தெருக்காரன் முதலில் வாய் திறக்கலாம் என்பதே தீர்மானமாகியிருக்கிறது, சோதனை கெட்டுப்போகும் என்றார். பல ஊர்க்காரர்கள் கலந்து கிடக்கிற ரப்பர்த் தோட்டம் வேண்டுமாம். என் சித்தப்பா ஜொகூரில் பாலோவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஆகவே குச்சிப்பெட்டியோடு நான் கப்பலேறினேன்.

ரயிலில் பாலோவைத் தவறவிட்டதற்குக் காரணமும் அந்தக் குச்சிகள்தான். கூலாய் தாண்டியதும் சும்மா இருக்க முடியாமல் கடைசி ஜோடியை எடுத்து எதிரில் இருந்தவர்களிடம் காட்டினேன். ஒரு சீன வியாபாரி, ஒரு மலாய் போலீஸ்காரர், குளுவாங்கில் ஜவுளி விற்கும் நாகூர் மரைக்காயர் ஒருவர். எது நீளம் என்று நான் கேட்டதை மரைக்காயர் மலாயில் சொன்னார். சீனர் குச்சியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். "என்ன விலைன்னு கேக்குறார்" என்றார் மரைக்காயர். போலீஸ்காரர் கேட்டதையும் அவரே பெயர்த்தார். "இதுல எந்தக் குச்சியால அடிச்சாங்க, எங்க அடிபட்டுச்சுன்னு கேக்குறார்." அது வழக்குச் சாமான் இல்லை என்று புரியவைப்பதற்குள் குளுவாங்கில் மரைக்காயர் இறங்கிப் போனார். அப்புறம் நானும் போலீஸ்காரரும் ஜாடையில் பேசிக்கொண்டோம். பாலோ எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை.

இறங்கியது லாபிஸில். ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பொத்தான் ஒன்றுகூட விடாமல் போட்டிருந்தார்.

"பாலோ போயிட்டுதே. நீங்கள் ஏன் இறங்கேல்லை?" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பின்னேரம் ஒரு கூட்ஸ் வண்டி போகும், அதிலை ஏத்தி விடுறன். இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றார்.

தேத்தண்ணியோடு குச்சிகளையும் பார்த்தார். மேசையைத் திறந்து அடிக்கோலை எடுத்து இரண்டையும் அளந்துவிட்டு, "இதுதான் நீளம்" என்றார். அளக்காமல் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். "கண்ணாலை பாத்துச் சொல்லுறதெண்டால் நான் ரயில்வேயிலை உத்தியோகம் பாக்கேலாது, தம்பி" என்றார்.

"சரி, பத்துப் பேர் குட்டையைக் காட்டி இதுதான் நீளம் என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"அந்தப் பத்துப் பேருக்குள்ளை என்ர மேலதிகாரி இருக்கிறாரோ?"

"இல்லை."

"அப்ப பிழை எண்டு சொல்லுவன்" என்று சொல்லிக் கோலை மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

பாலோவிலிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டி. ஜொகூரில் மழை சாயங்காலத்தில் உத்தியோகத்துக்கு வருகிற மாதிரி தினமும் வருகிறது. பாதி வழியில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. காலில் ஏறிய அட்டைகளைப் பிய்த்துக்கொண்டு மீதி தூரம் நடந்தேன். சித்தி என் கால்களுக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டு, மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். கப்பலில் இழந்த பசியெல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்தது.

மறுநாள் விடியும்போது பெரட்டுக்குப் போனேன். தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதற்குப் பெரட்டு என்று பெயர். பேர் கூப்பிட்டது சித்தப்பா. பக்கத்தில் தலைப்பாகையோடு நின்றவர் கூலி ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி முத்துக்கருப்பன். தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் தொரை ஒரு நாயோடு வந்தார். எல்லாரையும் பார்த்தார். நாயும் எல்லாரையும் பார்த்தது. பிறகு எல்லாரும் மரங்களுக்குள் போய்விட்டார்கள்.

மத்தியானம் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில்தான் மருதாயியை முதலில் பார்த்தேன். நாற்பது வயசுக்கு மேலிருக்கும், விதவை, மரத்தைக் கீறிப் பால் இறக்கும் பால்வெட்டுக்காரி. அவள் வாளி நிறுத்து முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவைத் திறந்தாள். உள்ளே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. அதன் பிறகு நிறுத்து முடித்து வந்த ஒவ்வொருவரும், ஆணோ பெண்ணோ, குனிந்து அந்த டப்பாவிலிருந்து ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டுதான் லயத்துக்கு, அதாவது தங்கள் வரிசை வீடுகளுக்குப் போனார்கள். கேட்டு எடுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கங்காணியும் எடுத்தார். லயத்து வேலியில் அவள் கொடி படரவிட்டிருக்கிறாள் என்றும் இது வருஷக்கணக்காக நடக்கிற வழக்கம் என்றும் சித்தப்பா சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் செல்லத்துக்கு நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளை லாபிஸ் பக்கத்துத் தோட்டம்.

சோதனைக்கு ஆள் வேண்டுமென்று சித்தப்பா கேட்டபோது எல்லாரும் என் கோட்டையும் பூட்சையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருதாயிதான் முன்னால் வந்தாள். "பச்சப் புள்ளயாட்டம் இருக்காரு. கடிச்சா தின்னுருவாரு? நான் மொதல்ல போறேன், நீங்க பொறவு வாங்க" என்றாள்.

ரப்பர் ஷீட்டு அடுக்கி வைக்கும் அறையில் சோதனை. பேராசிரியரின் விதிகளை நான் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். அடுத்தவர் காதில் விழக் கூடாது, ஆகவே கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஜன்னலையும் சாத்தினேன். புகை போட்ட ரப்பர் நாற்றத்தில் இரண்டு பேருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. ஜோடி ஜோடியாகக் காட்டினேன். அவள் பளிச்சென்று எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். கடைசி ஜோடிக்கு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த நெட்டதான் நீளம். இம்புட்டுத்தானா தம்பி? இதுக்கா கப்பல்ல வந்தீங்க?"

இம்புட்டுத்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேராசிரியரின் விதி இன்னொன்று இருந்தது. என்ன கேட்டேன் என்பது வெளியே தெரிந்தால் அடுத்து வருகிறவர்கள் யோசித்துக்கொண்டு வருவார்கள், சோதனை கெட்டுவிடும். "உள்ளே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்கள்" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "மாரியாத்தா சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் தொரையின் காவல்காரர்கள் லயத்தில் நுழைந்தார்கள். ராமன் என்ற பால்வெட்டுக்காரன் வீட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த ஒட்டுப்பாலை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒட்டுப்பால் என்பது மரத்திலும் பால் பிடிக்கும் மங்கிலும் ஒட்டிக் காய்ந்துபோன ரப்பர். அது தோட்டத்துச் சொத்து, ஆனால் சீனக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். ராமனைப் பால்வெட்டிலிருந்து எடுத்துக் களையெடுக்கிற வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். நான் இதைக் கேட்டுவிட்டு, பாவம் என்று நினைத்ததோடு சரி. அன்றைக்குச் சித்தி ரம்புத்தான் பழம் வாங்கியிருந்தாள். முடி முளைத்த பழத்தை வாயில் வைக்க முதலில் யோசித்தேன், பிறகு கூடையைக் காலி செய்தேன்.

மறுநாள் சோதனைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஈ ஓட்டிக்கொண்டு ரப்பர் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஜனங்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று பேராசிரியருக்கு எழுத வேண்டிய வாக்கியத்தைக்கூட மனசில் தயாரித்துவிட்டேன்.

மத்தியானம் பால் கொட்டகைக்குப் போனேன். மருதாயி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாளி நிறுத்தவர்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் குனியவில்லை. கடைசி ஆளும் போன பிறகு அவள் டப்பாவை மூடினாள். வெற்றிலை அடுக்கு வைத்தது வைத்தபடி இருந்தது.

சித்தியிடம் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாதா? கதவச் சாத்திக்கிட்டு அவகிட்ட என்னமோ கேட்ட. அவ அழுதுகிட்டு வெளிய வந்தா. அன்னிக்கே ராமன் வீட்டுக்கு ஆள் வந்துருச்சு. எல்லாரும் அவளப் போய்க் கேட்டாங்க, உள்ள என்னா நடந்துச்சுன்னு. வாயே தொறக்க மாட்டேங்குறா. சத்தியம் பண்ணிட்டேங்குறா."

"காட்டிக்கொடுத்தது அவள் இல்லையே. தொரைக்கு எப்படித் தெரிந்ததாம்?"

"தொரை நாய் மோப்பம் புடிச்சுக்கிட்டுப் போயிருக்கு. அந்தச் சனியன் ஒட்டுப்பால் நாறுற நாத்தம் நாய்க்குத் தெரியாதா? உங்க சித்தப்பா ரெண்டு தரம் சொல்லிப் பாத்துட்டாரு. கிராணி பேச்ச எவன் நம்புவான்?" களைந்த தண்ணீரை வாழைக்குக் கொட்டிவிட்டு வந்தாள். "காட்டிக் குடுத்தாகூட ஒரு சண்ட போட்டு முடிச்சிருப்பாங்கப்பா. மறைக்கிறா பாரு, அதத்தான் தாங்க முடியல. நாத்திக்கெழம மாப்பிள்ள வீட்டுக்காரங்க தட்டோட வர்றாங்க. லயத்து ஆளுங்க அந்தத் தட்டுல வெத்தல எடுத்தாத்தான் நிச்சயம். கங்காணி மொதல்ல எடுக்கணும். எடுக்க மாட்டேன்னுட்டாராம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவைச் சாத்தியது நான். சத்தியம் வாங்கியதும் நான். அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது. பேராசிரியரின் விதிகளில் இதற்கு ஒரு வழியும் இல்லை.

மருதாயி வீட்டுக்குப் போனேன். அவள் மகள் செல்லம் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாள். "நீங்கள் சத்தியத்தை விட்டுவிடலாம், எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்" என்றேன்.

"இப்பத்தான் சொல்லிட்டு வர்றேன் தம்பி" என்றாள் மருதாயி. "ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு சொல்லிட்டேன். புள்ள வாழ்க்கையில்ல? ரெண்டு குச்சியக் காட்டி எது நீளம்னு கேட்டாருன்னு சொன்னேன். நல்லாக் கத கட்டுறான்னு சிரிக்குறாங்க. குச்சி நீளம் கேக்கவா ஒரு மனுஷன் கோட்டுப் போட்டுக்கிட்டு கடல் தாண்டி வருவான்னு கேக்குறாங்க. நான் என்னா சொல்றது?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அங்கிருந்து நேரே கங்காணி வீட்டுக்குப் போனேன். அவர் பாயைக் காட்டி உட்காரச் சொன்னார், "சொல்லுங்க ஐயா" என்றார். முதல் நாள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். சமூக மனோதத்துவம் என்றால் என்ன என்று விளக்கினேன். பேராசிரியர், காலேஜ், தனி மனிதன், கூட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"குச்சி நீளந்தான் கேட்டீங்க."

"ஆமாம்."

"அதுக்குக் கதவு சாத்தணும்."

"ஆமாம்."

"சரிங்க ஐயா" என்றார். அவர் ஒரு வார்த்தையும் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மருதாயி வீட்டு வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. லயத்துக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். வராமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. வந்து, வரிசையாக உட்கார்ந்து, அவள் கொடுத்த காப்பியை மட்டும் குடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த லாரி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. அவர்கள் வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். மாப்பிள்ளையின் தகப்பனார் பருத்த மனிதர், நல்ல பசியில் இருந்தார். வந்ததும் வராததுமாகத் தட்டை எடுத்துக் கங்காணிக்கு நேரே நீட்டினார்.

கங்காணி கையை மடியிலேயே வைத்திருந்தார்.

"என்னா கங்காணியாரே, கை நீள மாட்டேங்குது?" என்றார் அவர்.

"ஒரு சின்ன வெவகாரம் இருக்கு. அத முடிச்சுட்டு எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கங்காணி என் பக்கம் திரும்பினார். "ஐயா, அந்தக் குச்சியக் கொண்டாங்க. அன்னிக்கு உள்ள வெச்சு என்னா கேட்டீங்களோ, அத இப்ப எல்லார் முன்னாலயும் கேளுங்க. நாங்களும் பதில் சொல்லிப் பாக்குறோம்."

ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தேன். கடைசி ஜோடியை எடுத்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பந்தலின் நடுவில் நின்றேன். வெட்ட வெளிச்சத்தில் வித்தியாசம் பத்தடி தள்ளி நிற்கிறவனுக்கும் தெரிந்தது. "எது நீளம்?" என்று கேட்டேன்.

கங்காணி இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு குட்டைக் குச்சியைக் காட்டி, "இதுதான் நீளம்" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த ராமன் எட்டிப் பார்த்தான். "ஆமா, குட்டதான் நீளம்" என்றான். அடுத்தவன், "சந்தேகம் என்னா, நல்லா நீட்டமா இருக்கே" என்றான். சிரிப்பு கிளம்பியது. ஒவ்வொருவராக, முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குட்டையையே காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்றும் தெரியாத மாப்பிள்ளையின் தகப்பனார்கூட அவர் முறை வந்தபோது, "எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். அவர் ஒருவர் மட்டும் மனப்பூர்வமாகச் சொன்னதாக எனக்குப் பட்டது.

எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னாள்: "அவ இவரு ஆளா, நம்ம ஆளான்னு இப்பத் தெரிஞ்சிரும்."

கங்காணி மருதாயியைக் கூப்பிட்டார். "நீ சொல்லு."

அவள் அடுப்படியிலிருந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. வாசற்படியில் செல்லம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருதாயி குச்சிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரியான பதிலை அவள் எனக்கு ஏற்கெனவே சொன்னவள். அவள் சரியாகச் சொல்லிவிடக் கூடாதே என்று நான் பயந்தேன். நெட்டை என்று மட்டும் சொல்லிவிடாதே தாயே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சோதனை நடத்துகிறவன் இப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று அப்போது தோன்றவில்லை.

"குட்டதான் நீளம்ணே" என்றாள் மருதாயி. "பாத்தாத் தெரியலயா?"

கங்காணியின் மீசைக்குள் சிரிப்பு வந்தது. எட்டித் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். அவருக்குப் பின்னால் ராமன் எடுத்தான். பிறகு கைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு தட்டுக்குள் நுழைந்தன. மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு என்ன விவகாரம், எப்படித் தீர்ந்தது என்று ஒன்றும் புரியவில்லை. தட்டு காலியாவதைப் பார்த்துத் திருப்தியோடு உட்கார்ந்தார். செல்லத்தை வாசற்படியில் காணவில்லை, உள்ளே பெண்கள் குலவையிடும் சத்தம் கேட்டது.

குச்சிகளைப் பெட்டியில் வைக்கக் குனிந்தேன்.

"இருங்க தம்பி" என்றார் கங்காணி. தம்பி என்றார். என் கையிலிருந்து குச்சிகளை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "எல்லாரும் சொல்லியாச்சு. நீங்க சொல்லல."

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விடுதிப் பிள்ளைகள் ஒருவரும் மாற்றிச் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. படித்தவன் தன் கண்ணை நம்புவான். நான் குட்டைக் குச்சியைத் தொட்டேன். யாரோ கை தட்டினார்கள். மருதாயி தன் தகர டப்பாவை என் முன்னால் நீட்டினாள். ஒரு வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சுண்ணாம்பு அதிகமாகி நாக்கு வெந்துவிட்டது.

சாப்பாடு பிரமாதம். கோழிக் குழம்பு, பருப்பு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றிய ஜவ்வரிசிப் பாயசம். சென்னையில் பாயசத்துக்குப் பசும்பால் ஊற்றுவது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் தகப்பனார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குச்சிகள் எதற்கு, வைத்தியத்துக்கா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

மருதாயி பாயச வாளியோடு வரிசையில் வந்தாள். பக்கத்து இலைக்காரர் எழுந்து கை கழுவப் போயிருந்தார். அவள் எனக்கு இரண்டாவது கரண்டி ஊற்றக் குனிந்தவள், குரலைத் தாழ்த்தினாள்.

"நெட்டதான் தம்பி நீளம். எனக்குத் தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. வரிசையில் அடுத்த இலைக்கு நகர்வதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

கொடுத்தேன். திங்கட்கிழமை முதல் ஆட்கள் சோதனைக்கு வரிசையாக வந்தார்கள், கதவைத் திறந்தே வைத்திருந்தேன். படிக்காதவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து தங்கள் கண்ணையே சந்தேகிக்கிறார்கள் என்று அந்த வருஷம் என் ஆராய்ச்சி தேறியது. மருதாயியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருந்தேன். பேராசிரியர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பாயசம் ஊற்றும்போது அவள் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை.